வீல் பைலட் நின்றுபோனால்: பழையதைப் பிரிப்பதா, புதியதை வாங்குவதா?

பாய்மரப் படகின் சுக்கான் சக்கரத்தில் மாட்டி, படகைத் தானாகவே குறித்த திசையில் ஓட்டும் மின்கருவியான வீல் பைலட் வேலை செய்யவில்லை என்றால், படகுக்காரர் எடுத்தவுடன் கேட்பது "புதுசு என்ன விலை?" என்றுதான். "மோட்டார் சத்தம் வருதா?" என்பது நான் திருப்பிக் கேட்கும் கேள்வி. பாதி முடிவு அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குளச்சல், தேங்காய்ப்பட்டணம், அந்தப் பக்கம் விழிஞ்ஞம், கொச்சி. இந்தக் கரையில் ஓடும் 30 முதல் 36 அடிப் படகுகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அந்தப் படகுக்காரர்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பழைய டிரைவைப் (சக்கரத்தைத் திருப்பும் மோட்டாரும் பெல்ட்டும் உள்ள பகுதி) பிரித்துச் சரிசெய்வது, புது வீல் பைலட் வாங்குவது, தளத்துக்குக் கீழே சுக்கானோடு நேரடியாக இணையும் டிரைவுக்கு மாறுவது, மின்சாரமே வேண்டாம் என்று, காற்றின் விசையாலேயே படகை ஓட்டும் காற்றுத்தகடு (விண்ட்வேன்) மாட்டுவது.

பழையதை முதலில் பார்ப்போம். நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது ஆட்டோஹெல்ம், ரேமரின் பெயர்களில் வந்த எஸ்டி4000 வகை. அதன் முதல் வடிவமான மார்க் ஒன்றின் பெல்ட் வெளியே தெரியும், அடுத்த வடிவமான மார்க் இரண்டில் எல்லாமே பிளாஸ்டிக் கூட்டுக்குள். சத்தமே வராவிட்டால் மின்இணைப்பு, மோட்டாரின் கார்பன் பிரஷ், சக்கரத் தூணின் அடியில் இருக்கும் பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது அந்தப் பிளக்கைத்தான். மோட்டார் ஓடியும் சக்கரம் திரும்பவில்லை என்றால் பெல்ட்டோ, உள்ளே இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரங்களைத் தாங்கும் துண்டோ போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் சந்தேகம் கட்டுப்பாட்டுப் பெட்டி மேல் போகும்.

இதில் குழப்பம் தீர ஒரு சோதனை போதும். டிரைவின் இரண்டு மோட்டார் ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றி நேராக 12 வோல்ட் பேட்டரியில் தொடுங்கள், பிறகு மாற்றித் தொடுங்கள். இரண்டு பக்கமும் சீராக ஓடினால் டிரைவ் நல்லது, கோளாறு பெட்டியிலோ ஒயரிலோ இருக்கிறது. இதைச் செய்யாமல் முழு செட்டையும் மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம். அதோடு, மோட்டார் இழுக்கும்போது டிரைவின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்றும் அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போது 12.6 காட்டும் பேட்டரி, மெல்லிய ஒயர் வழியாகப் பாரத்தில் 11-க்குக் கீழே இறங்கினால் எந்தப் பைலட்டும் தடுமாறும். ஒயரைத் தடிமனாக மாற்றினாலே பிழைத்துக்கொள்ளும் பைலட்டுகள் உண்டு.

மார்க் இரண்டின் பலவீனம் அந்தப் பிளாஸ்டிக் தாங்கிதான். அதே அளவில் உலோகத்தில் செய்து விற்கிறார்கள். ஒரு மாதிரி கையில் இருந்தால் நல்ல லேத் பட்டறையிலும் கடையலாம். பெல்ட்டுக்குப் பல் இடைவெளி, அகலம், பற்களின் எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொண்டு எர்ணாகுளத்து பெல்ட், பேரிங் கடைகளில் கேளுங்கள். பெல்ட்டில் கிரீஸ் படவே கூடாது. கிளட்ச் நெம்புகோல் லூசாக இருந்தால் பெல்ட் வழுக்கும். பல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அதை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பழையதை விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஊரின் பூமி அமைப்பும் ஒரு காரணம். பழைய செட்டில் இருப்பது ஃப்ளக்ஸ்கேட் காம்பஸ், பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறியும் மின்காம்பஸ். வட ஐரோப்பா மாதிரி இடங்களில் காந்தக்கோடுகள் செங்குத்தாகச் சாய்வதால், படகு சாயும்போதும் திரும்பும்போதும் அது தப்பான திசை காட்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, காந்த நிலநடுக்கோடு பக்கத்திலேயே போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும் அதனால்தான். உயர்ந்த அட்சரேகைகளில் புதிய உணரிகளுக்கு இருக்கும் பெரிய அனுகூலம் இங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அதற்காகப் புதிய வீல் பைலட்டை மட்டம் தட்ட முடியாது. ரேமரினின் புதிய ஈவி-100 செட்டின் உணரியில் காம்பஸோடு, படகு திரும்பும் வேகத்தை உணரும் கைரோவும் இருக்கிறது. கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) முடிகிற சமயம் பின்னாலிருந்து பெரிய அலை தள்ளும்போது, படகு திரும்பத் தொடங்கிய உடனேயே அது சுக்கானைப் பிடிக்கும். பழையது படகு நன்றாகத் திரும்பிய பிறகே விழிக்கும். ஆனால் சக்கரத்தில் மாட்டும் டிரைவ் கிட்டத்தட்ட அதே பழைய மார்க் இரண்டு அமைப்புதான், பளு எல்லையும் 7,500 கிலோ. தண்ணீர், டீசல், ஆட்கள், நங்கூரச் சங்கிலி எல்லாம் சேர்த்து அந்த எல்லையைத் தொடும் படகுக்கு இதை மாட்டினால் அதே பிளாஸ்டிக் மறுபடி உடையும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. நல்ல நிலையில் உள்ள பழைய மார்க் இரண்டு டிரைவை வைத்துக்கொண்டு புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியும் உணரியும் மட்டும் வாங்கலாம். பெட்டி செத்து டிரைவ் பிழைத்திருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

கனமான படகுக்குத் தளத்தின் கீழ் பொருத்தும் டிரைவ். பேச்சே இல்லை. சுக்கான் தண்டில் தனிக் கை வைத்து மாட்டுவதால், சக்கரத்துக்குப் போகும் கேபிள் அறுந்தாலும் பைலட் படகைத் திருப்பும். தாங்கும் இடத்தில் ஃபைபர் வேலை உறுதியாக இருக்க வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மின்சாரமும் கூடுதலாகக் கேட்கும்.

காற்றுத்தகட்டின் பெருமையைக் கேரளத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அபிலாஷ் டோமி 2022-ல் கிளம்பிய கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தில் மின் பைலட்டுக்கு அனுமதியே இல்லை. லட்சத்தீவு, மாலத்தீவு என்று நெடுந்தூரம் போகிறவருக்கு இது அருமையான துணை. ஆனால் கரையோரத்தில் ஒத்துவராது. காலையில் கரைக்காற்று, நடுவில் அசைவே இல்லாத நேரம், மதியத்துக்கு மேல் கடல்காற்று. தகடு காற்றைத்தான் பின்பற்றும், காற்று திரும்பினால் படகும் திரும்பும். இன்ஜினில் ஓடும்போது அதற்கு வேலையே இல்லை (சுக்கான் கைப்பிடியில் மாட்டும் சின்ன மின் பைலட்டான டில்லர் பைலட் ஒன்றைத் தகட்டோடு கட்டி ஓட்டும் உபாயம் உண்டு).

கரையோரத்தில் இன்னொரு கேள்வியும் முக்கியம்: பைலட்டை எவ்வளவு சீக்கிரம் விடுவிக்கலாம்? விழிஞ்ஞத்திலிருந்து கன்னியாகுமரி வரை ராத்திரியில் விளக்கில்லாத வள்ளமும் வலையும் எந்த நேரமும் முன்னால் வரலாம். வீல் பைலட்டில் நெம்புகோல் ஒரு தட்டு, சக்கரம் கைக்கு வந்துவிடும். கீழே உள்ள டிரைவுக்கு ஸ்டேண்ட்பை பொத்தான், அதை இருட்டிலும் கை தேடாமல் எட்டும் இடத்தில் வையுங்கள். தகட்டின் கயிற்றைச் சக்கரத்திலிருந்து கழற்றக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

ஆக, 7,500 கிலோவுக்கு நன்றாக உள்ளே இருக்கும் படகென்றால் உலோகத் தாங்கி, புது பெல்ட், தடித்த ஒயர் போட்டுப் பழையதையே ஓட்டுங்கள். எல்லையைத் தொட்டால் கீழ் டிரைவுக்குப் பணம் சேருங்கள். எதுவானாலும் பட்டறை வேலையை ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். ஜூன் 1 முதல் குமரி மேற்குக் கரையிலும், ஜூன் 9 நள்ளிரவு முதல் கேரளத்திலும் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, லேத்திலும் வைண்டிங் கடையிலும் அவர்கள் வேலைதான் முன்னால் நிற்கும்.