எந்த உயிரினத்துக்கு முதல் பணம்? நியூசிலாந்தின் கணக்கும் அதன் மாற்றுகளும்

காப்பாற்ற வேண்டிய உயிரினங்கள் பல, கையிலிருக்கும் பணமோ கொஞ்சம் என்ற நிலையில் எங்கும் இயல்பாகத் தோன்றும் முடிவு, அழிவின் விளிம்பில் நிற்பதற்கே முதலிடம் என்பதுதான். இதற்கு மாற்றாக, நியூசிலாந்தின் மிகவும் அருகிவிட்ட 32 இனங்களை எடுத்துக்கொண்டு, லியானா ஜோசப், ரிச்சர்ட் மலோனி, ஹியூ பாசிங்ஹாம் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2009-இல் ஒரு கணக்கு முறையை முன்வைத்தனர். அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது. இவ்விரண்டில் எது கூடுதல் உயிர்களைக் காக்கும் என்பதே இங்கே கேள்வி.

விளிம்பு நிலை வரிசைக்கு அறத்தின் வலு உண்டு. எவருக்கும் எளிதில் புரியவும் செய்யும். ஆனால், நோயின் கடுமையைக் காட்டும் அட்டவணை மருந்து பலிக்குமா என்பதைக் காட்டாது. உலகச் சிவப்புப் பட்டியலும் அழிவின் அபாயத்தை அளக்கவே வகுக்கப்பட்டது. பணம் பங்கிடுவதற்கு அது மட்டும் போதாது.

நியூசிலாந்து முறை மூன்றைக் கேட்கிறது: நாம் தலையிட்டால் அந்த இனம் நீடிக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும், திட்டம் வெற்றி பெறும் நிகழ்தகவு என்ன, ஆகும் செலவு எவ்வளவு. முதலிரண்டையும் பெருக்கி, செலவால் வகுக்கிறார்கள். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் இனத்துக்குப் பலன் (நீடிக்கும் வாய்ப்பில் கூடும் அளவு) 0.9, வெற்றி வாய்ப்பு 0.2, செலவு 10 லட்சம் டாலர். இன்னொன்றுக்குப் பலன் 0.5, வெற்றி வாய்ப்பு 0.9, செலவு 1 லட்சம் டாலர். ஒவ்வொரு லட்சத்துக்கும் முதலாவது தருவது 0.018, இரண்டாவது தருவது 0.45, அதாவது 25 மடங்கு. விளிம்பு நிலையை மட்டும் பார்த்திருந்தால் பணம் முழுவதும் முதல் இனத்துக்கே போயிருக்கும். அந்த 32 இனங்களின் ஆய்விலும், இப்படி வரிசைப்படுத்தியபோது அதே பணத்தில் கூடுதல் இனங்களைக் காக்க முடியும் என்று தெரிந்தது.

இந்தக் கணக்கில் நான்காவதாக ஓர் எண்ணும் உண்டு: இனத்தின் மதிப்பெடை, அதாவது மற்ற இனங்களோடு ஒப்பிட அதற்கு நாம் தரும் முக்கியத்துவம். உலகில் பறக்க இயலாத ஒரே கிளியான காகபோவுக்கு நெருங்கிய உறவினம் எதுவும் உயிரோடு இல்லை. 1995-இல் 51 மட்டுமே எஞ்சியிருந்த அதை, எலியும், ஸ்டோட் என்னும் கீரி போன்ற வேட்டை விலங்கும் இல்லாத தீவுகளில் வைத்து, கூடு கூடாகக் கண்காணித்து, துணை உணவு கொடுத்து வளர்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு செலவு பிடிக்கும் பறவை வரிசையில் மேலே வருமா என்பதைப் பெருமளவு அந்த மதிப்பெடைதான் தீர்மானிக்கும். எடையைத் தருவது கணிதமல்ல, சமூகம். அதை மறைக்காமல் ஓர் எண்ணாக எழுதிவைக்கச் செய்வதே இம்முறையின் பெரும் நன்மை என்று கருதுகிறேன்.

உண்மையான பலவீனம் வெற்றி வாய்ப்பை மதிப்பிடுவதில் இருக்கிறது. நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் வாழும் கருப்பு ராபின் என்ற சிறு பறவை 1980-இல் 5 பறவைகளாகக் குறுகியது. அவற்றுள் குஞ்சு பொரித்து வளர்க்கும் திறனோடு இருந்த பெட்டை ஒன்றே. பறவைப் பாதுகாவலர் டான் மெர்ட்டனின் குழு அதன் முட்டைகளை டாம்டிட் பறவைகளின் கூட்டில் வைத்து அடைகாக்கச் செய்தது. இன்று வாழும் 200-க்கும் மேற்பட்ட கருப்பு ராபின்கள் அனைத்தும் அந்த ஒரு பெட்டையின் வழிவந்தவை. அன்று ஒரு நிபுணர் குழு அந்த முயற்சிக்கு 0.1-க்கு மேல் வெற்றி வாய்ப்பு கொடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவது வழி, இனங்களை விட்டு இடங்களைக் கணக்கிடுவது. மார்க்ஸன் என்ற மென்பொருள், குறித்த அளவு வாழிடங்களை மிகக் குறைந்த செலவில் உள்ளடக்கும் இடத்தொகுப்பைத் தேடித் தருகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004-இல் மீன்பிடிப்பு முற்றிலும் தடைசெய்யப்பட்ட பரப்பு ஏறத்தாழ 5 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்ந்தபோது, திட்டமிடலில் இதுவும் துணை செய்தது. ஓரிடம் பல இனங்களுக்குப் பயன்படுவதை இம்முறை இயல்பாகவே கணக்கில் கொள்கிறது. தனித்தனி இன வரிசை அதை எளிதில் தவறவிடும். ஆயினும் ஒரு குறிப்பிட்ட பறவையின் கூட்டைக் காவல் காக்க வேண்டுமா என்பதற்கு இதனிடம் விடையில்லை.

என் தேர்வு நியூசிலாந்து முறையே, இரு நிபந்தனைகளுடன். கருப்பு ராபின் போன்ற நம்பிக்கை குறைந்த முயற்சிகளுக்கென ஒரு பங்கை வரிசைக்கு வெளியே ஒதுக்கிவைக்க வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் வெற்றி வாய்ப்பையும் எடையையும் யார், எந்தச் சான்றின் பேரில் நிர்ணயித்தார்கள் என்பதைத் துறை வெளியிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை களத்தில் கிடைத்த முடிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.