இலவச ஒப்பந்த மாதிரிகள்: எங்கே கத்தரி வைக்க வேண்டும்?
தனியாக மென்பொருள் ஆலோசனை செய்பவர்களுக்கென்று கிடைக்கும் இலவச ஒப்பந்த மாதிரிகள் வரைவுக்கு உதவும். அப்படியே கையெழுத்துப் போட உதவாது. ரகசியக்காப்புப் பகுதி பெரும்பாலும் பரவாயில்லை. வில்லங்கம் பதிப்புரிமைப் பத்தியில்தான். ‘எழுதிய கணமே நிரல் (code) வாடிக்கையாளருடையது’ என்றிருந்தால், பணம் இழுபறியாகும்போது உங்கள் கையில் பிடி எதுவும் இருக்காது. ‘முழுத்தொகை வந்த பிறகே உரிமை மாறும்’ என்று திருத்துங்கள். முன்பே எழுதி வைத்த லைப்ரரிகளை (பல வேலைகளில் மறுபடி பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) பின்னிணைப்பில் பட்டியலிட்டு, அவற்றுக்குப் பயன்பாட்டு உரிமம் மட்டும் கொடுங்கள். ஓப்பன் சோர்ஸ் பகுதிகளை, அதாவது பிறர் எழுதி எவரும் பயன்படுத்தும்படி உரிமத்தோடு வெளியிட்ட நிரல்களை, தனியே குறிக்க வேண்டும். அவை நீங்கள் உரிமை மாற்றிக் கொடுக்கக்கூடிய சொத்தே அல்ல. நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லையா? பெற்ற கட்டணத்தையே வரம்பாக்குங்கள். ‘ஒப்படைத்த 10 நாளில் எழுத்துமூலம் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும்’ என்ற வரியும் வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசித் தவணை அந்தரத்தில் தொங்கும்.