சிஎன்ஜி பைக்கா, மின்சார ஸ்கூட்டரா: குமரி மாவட்டத்துக்கு எது சரி?

பெட்ரோல் பைக்கைக் கைவிட நினைக்கும் குமரிக்காரருக்கு இப்போது இரண்டு வழி. ஒன்று சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் பைக்; மற்றது மின்சார ஸ்கூட்டர். 2024 ஜூலையில் வந்த சிஎன்ஜி பைக்கான பஜாஜ் ஃப்ரீடம் 125-ல் சீட்டுக்கு அடியில் 2 கிலோ கேஸ் சிலிண்டர், கூடவே 2 லிட்டர் பெட்ரோல் டேங்க். ஒரு கிலோ கேஸுக்கு 100 கிலோமீட்டர் தாண்டும் என்கிறது கம்பெனி. பேச்சிப்பாறை ஏற்றத்தில் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கேஸ் தீர்ந்தால் ஒரு ஸ்விட்ச், பெட்ரோலுக்கு மாறிவிடும். ஆனால் எல்லா பங்கிலும் கேஸ் கிடைக்காது.

மின்சார ஸ்கூட்டருக்கு அந்த அலைச்சல் இல்லை. 3 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப மூன்றரை யூனிட் போதும். ராத்திரி பிளக்கைச் சொருகினால் காலையில் ரெடி. வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு! நாகர்கோவிலுக்குள்ளேயே கடை, ஆபீஸ் என்று ஓடுபவர் யோசிக்கவே வேண்டாம்.

விடியுமுன் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர் கதை வேறு. பின்னால் ரப்பர் ஷீட் கட்டு, மேடு, மழையில் வழுக்கும் செம்மண் பாதை. பேட்டரி சீக்கிரம் இறங்கும். தோட்டத்தில் பிளக் ஏது? அவருக்குப் பெரிய சக்கரமுள்ள சிஎன்ஜி பைக்தான் என் ஓட்டு. வாங்கும் முன் பக்கத்தில் கேஸ் பங்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.