பழைய வீட்டுக்கு எந்தச் சொல்? ஓல்டா, ஏன்ஷியன்டா, ஆன்டீக்கா, வின்டேஜா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு சுற்றிக் காட்டும் பையன் ஒருவன் என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கிறான். முகப்பில் நின்று, "திஸ் ஈஸ் அன் ஏன்ஷியன்ட் ஹவுஸ்" என்று ஆரம்பித்தானாம். வந்த அம்மா, எத்தனை ஆயிரம் வருஷம் என்று கேட்டுவிட்டார். "பழைய வீடுதானே சார்? அதைத்தானே சொன்னேன்" என்கிறான்.

ஏன்ஷியன்ட் என்பது நம் 'பண்டைய'. பிள்ளையார்பட்டிக் குடைவரைக்குத் தாராளமாகச் சொல்லலாம். பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வீடுகளோ பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்கும் இடையில் எழுந்தவை. வீட்டு ஐயாவை ஏன்ஷியன்ட் என்றால் கேலி பண்ணுகிறோம் என்று அர்த்தம்.

சரி, ஆன்டீக் ஹவுஸ்? அதுவும் இடிக்கும், ஏதோ கடைப் பெயர் மாதிரி. ஆன்டீக் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமானுக்கு: மரப்பெட்டி, பெல்ஜியம் கண்ணாடி, மங்குச் சாமான். பழசாக இருந்தால் போதாது, வாங்க ஆள் வேண்டும். வயதுக்குப் பொதுவாக 100 ஆண்டைக் கணக்கு வைப்பார்கள். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பெரும்பாலான பொருள்களுக்கு அதே 100 ஆண்டைத்தான் வைத்திருக்கிறது. அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நிற்கும் பயணியிடம் இந்தச் சொல்லை விளையாட்டாக வீச வேண்டாம்.

வின்டேஜ் திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல். ஒயினில் இன்றும் அது விளைந்த ஆண்டைக் குறிக்கும். நூறு வயது ஆகாத, ஆனால் தன் காலத்தை முகத்தில் எழுதி வைத்திருக்கும் ரேடியோ, கைக்கடிகாரம், சட்டைக்கு இது. கார் பிரியர்கள் கறாரானவர்கள்: பிரிட்டனில் 1919 முதல் 1930 வரை வந்த வண்டிதான் வின்டேஜ்.

கடைசியில் எளிய ஓல்ட். என் ஓட்டு இதற்குத்தான். வீட்டுக்கும் இதுதான் பொருத்தம். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விட வைப்பதும் இதுதான். தமிழில் 'பழைய வாட்ச்மேன்' என்றால் முன்பு வேலை பார்த்தவர், 'வயசான வாட்ச்மேன்' என்றால் கிழவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'தி ஓல்ட் வாட்ச்மேன்'தான். 'தி வாட்ச்மேன் ஈஸ் ஓல்ட்' என்று பின்னால் போட்டுவிட்டால் முன்னாள் என்ற பொருள் உதிர்ந்து வயது மட்டும் நிற்கும். 'மை ஓல்ட் ஹவுஸ்' நான் காலி செய்த புது ஃப்ளாட்டாகவும் இருக்கலாம். 'மை ஹவுஸ் ஈஸ் ஓல்ட்' அப்படி இருக்க முடியாது. 'ஓல்ட் ஃப்ரெண்ட்' இருபது வயதுக்காரனாகவும் இருக்கலாம், பழக்கம்தான் பழசு. இதில் ஒரு வேடிக்கை, ஆறு மாதக் குழந்தையும் 'சிக்ஸ் மன்த்ஸ் ஓல்ட்'.

எல்லாம் கேட்டுக்கொண்டவன், "காலையில கெஸ்ட் ஒருத்தர் ஆச்சி சாப்பிடுறதப் பாத்து என்னன்னு கேட்டார் சார். பழைய சோறுக்கு எதைப் போடுறது?" என்றான். நாலில் ஒன்றும் ஒட்டாது. 'ஓல்ட் ரைஸ்' என்றால் கெட்டுப்போனதோ என்று பார்ப்பார். நேத்து ராத்திரி ஆக்கித் தண்ணி ஊத்தி வச்ச சோறு என்று முழுசாகத்தான் சொல்லியாக வேண்டும்.