நான்கு வருடமா, இரண்டு வருடமா?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யுஎஸ்) சேர்ந்து சிங்கப்பூரில் தொடங்கிய யேல்-என்யுஎஸ் கல்லூரியில் நான்கு வருடமும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கவேண்டியிருந்தது. மொத்தமே ஆயிரம் பேர்தான்; சாகா, எல்ம், செண்டானா என்று மூன்று விடுதிப் பிரிவுகள். 2013இல் முதல் தொகுதி வந்தது, 2025இல் கடைசித் தொகுதி பட்டம் வாங்கியதோடு மூடிவிட்டார்கள். என்யுஎஸ்ஸின் யூனிவர்சிட்டி டவுன் வளாகத்தில் இருக்கும் தெம்பூசு போன்ற உறைவிடக் கல்லூரிகளில் தங்கிப் படிக்கும் திட்டமே இரண்டு வருடம்.

முதலாவதில், காலை வகுப்பில் பிளேட்டோவைப் பற்றி உங்களோடு மல்லுக்கு நின்ற பையன், இரவு சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து உட்காருவான். சண்டை தொடரும். படிப்பு என்பது பாதி அதுதான். ஆனால் ஒருவரோடு மனஸ்தாபம் என்றால் ஒளிய இடமில்லை, லிஃப்டிலும் அதே முகம்!

இரண்டாவதில் பொறியியல், சட்டம், தாதிமை என்று பல துறைப் பிள்ளைகள் ஒரே மாடியில் இருப்பார்கள். என் அக்கா மகள் அப்படித்தான் இருந்தாள். விடுதிச் சாப்பாடு அலுத்தால் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குத் தோசை தேடிப் போவாள். சரி, மூன்றாம் வருடம்? இடம் சிலருக்கே. அவள் ஈசூன் வீட்டுக்குத் திரும்பி, பீஷானில் ரயில் மாறி, பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜுக்கு அலைந்தாள். ஆய்வேட்டுக்கு நடுராத்திரியில் யோசனை கேட்க ஆள் இல்லை.

என்னைக் கேட்டால், முதலாமாண்டை விட மூன்றாமாண்டில்தான் விடுதி தேவை. சீனியர்களில் கூடுதலாகச் சிலரைத் தங்கவைத்தாலே ஜூனியர்களுக்கும் கதவைத் தட்டிக் கேட்க ஆள் கிடைக்கும்.