கொட்டாங்கச்சி எண்ணெய்க்கு அரிப்புச் சோதனை: காரைக்குடி லேப் எப்படி?

கொட்டாங்கச்சிக் கரி சுடும்போது வரும் புகையைக் குளிரவைத்தால் கறுப்பாக ஒரு எண்ணெய் இறங்கும். அதை வாங்க வந்தவர், பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் குரூடோடு (கச்சா எண்ணெயோடு) கலந்து ஓட்டிப் பார்க்கப் போகிறோம், உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்ற ரிப்போர்ட் இல்லாமல் பேச்சே இல்லை என்றுவிட்டார். 1953-ல் இருந்து சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இயங்குகிற ஊர் காரைக்குடி, விஷயம் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் போனது ஒரு தனியார் லேப், பெயர் வேண்டாம்.

போனதும், "அமில எண் போட்டுத் தர்றோம்ணே, அது போதும்" என்றார்கள். போதாது. அமில எண் என்பது எண்ணெயில் மொத்தம் எவ்வளவு அமிலம் என்ற கணக்குதான், எந்த அமிலம் என்று சொல்லாது. குரூடில் அமில எண் 0.5-ஐத் தாண்டினாலே ஆலைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள், ஆனால் குரூடில் இருக்கும் நாஃப்தெனிக் அமிலம் 200 டிகிரிக்கு மேல்தான் இரும்பைக் கடிக்கும். நம் எண்ணெயில் இருப்பது அசிட்டிக் அமிலமும் கால்வாசி வரை தண்ணீரும், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டுவைத்த மாதிரி சும்மா நின்றாலே அரிக்கும். போதாததற்கு, கொட்டாங்கச்சி எண்ணெயில் ஃபீனால் என்ற வலுக்குறைந்த அமிலம் அதிகம், அவ்வளவாக அரிக்காத அதுவும் அமில எண்ணில் சேர்ந்துவிடும்.

விடாமல் கேட்டதும் கூப்பன் சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த வேலை சுத்தம், குறையே இல்லை. எடை போட்ட உலோகத் துண்டுகளை 50 டிகிரியில் எண்ணெயில் தொங்கவிட்டு, எடுத்துத் துருவை நீக்கி மறுபடி எடை போட்டார்கள். எம்.எஸ். (சாதாரண மைல்டு ஸ்டீல்) துண்டு பாவம், ஓரமெல்லாம் கரைந்து கறுத்துப்போய் வந்தது. ஆலைகளில் நிறைய இருக்கிற குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) இரும்பும் பெரிதாகத் தாங்கவில்லை. எஸ்.எஸ். 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் போட்டபடியே வந்தது.

குறை ரிப்போர்ட்டில்தான். வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சராசரிக் கணக்கு ஒன்றைப் போட்டு முடித்துவிட்டார்கள், குழி விழுந்ததா, எவ்வளவு ஆழம் என்று ஒரு வரி இல்லை, போட்டோவும் இல்லை. குழாய் ஓட்டையாவது சராசரியால் இல்லை, குழியால்! எண்ணெய்க்கு மேலே ஆவி படும் இடத்திலும் ஒரு துண்டு தொங்கவிடச் சொல்லியிருந்தேன், அதையும் விட்டுவிட்டார்கள். வாங்குபவர் கேட்டதே அந்த இரண்டையும்தான்.

ஐந்துக்கு மூன்று. போகிறவர்கள் குழி ஆழம், ஆவிப் பகுதி, போட்டோ மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம், மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுபோங்கள், தகர டின் என்றால் லேப் போய்ச் சேருமுன்பே எண்ணெயில் இரும்பு கரைந்திருக்கும்.