மாடல் ஜெட் டர்பைனுக்கு வாங்கிய மாற்று தெர்மோகப்பிள்: 14 ஸ்டார்ட்டுக்குப் பிறகு

என் மாடல் ஜெட் டர்பைனில் எக்ஸாஸ்ட் வெப்பநிலையை அளக்கும் சென்சார் கெட்டுப்போனது. அதற்குப் பதிலாக 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கே-டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்து, சூட்டுக்கு ஏற்ப சிறு மின்னழுத்தம் தரும் சென்சார்) ஒன்றை வாங்கிப் போட்டேன். 14 முறை ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். பொருள் நல்ல பொருள், நம்பி வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பது வயரை மாட்டும்போதுதான் தெரிந்தது.

பழையது கெட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் இதே தொல்லை என்றால் காரணம் சென்சார்தானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டர்பைன் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். ஐடிலில் (குறைந்தபட்ச வேகத்தில் சும்மா ஓடும்போது) 490 டிகிரி காட்டும். இரண்டு மூன்று நிமிடம் போனதும் 490 சட்டென்று 310 ஆகும், உடனே 520, அடுத்த நொடி பூஜ்யம். இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) எரிபொருளை நிறுத்திவிடும். சூடு ஆறாமல் மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் எடுக்கவே எடுக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் சமர்த்தாக எடுக்கும். எண்கள் இப்படிக் குதிக்கும்போது சத்தத்தில் துளி மாற்றம் இல்லை. நிமிடத்துக்கு 35,000 சுற்றில் ஒரே சுருதியில் ஓடுகிற எஞ்சினில், வாயுவின் வெப்பம் ஒரு நொடியில் 180 டிகிரி இறங்க வாய்ப்பே இல்லை. எஞ்சின் சரியாக இருக்கிறது, அளவுதான் பொய் சொல்கிறது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கனெக்டரைச் சுத்தம் செய்தேன், பலனில்லை. சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தேன். அறை 30 டிகிரி. நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டால் கே-டைப் ஏறத்தாழ 2.9 மில்லிவோல்ட் தர வேண்டும். தந்தது. லைட்டர் சுடரில் காட்டினேன், 20-ஐத் தாண்டியும் நடுங்கவில்லை. அப்படியானால் இசியுதான் போச்சு என்று மனசு விட்டுப்போன நேரத்தில், பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "அப்பா, நுனிய மட்டும்தான சூடாக்குறீங்க? எஞ்சின்ல இருக்கப்ப முழுசும் சூடாகுமே?"

அவள் சொன்னதுதான் விஷயம். இன்கோனல் (சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) உறை முடிந்து வளையும் வயர் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும். என் எஞ்சினில் அது உடலை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. நுனியைக் கொதிநீரில் வைத்துக்கொண்டு, குப்பியின் மேல் ஹேர் டிரையரைக் காட்டச் சொன்னேன். 2.9... 2.9... அரை நிமிடம் அசைவில்லை. பிறகு எண் கண்டபடி ஓட ஆரம்பித்தது. டிரையரை அணைத்து ஆறவிட்டதும் மறுபடி 2.9. உள்ளே வயர் விட்டுப்போயிருக்கிறது, குளிர்ச்சியில் தொட்டுக்கொள்கிறது, சூட்டில் விரிந்து விலகிக்கொள்கிறது. கொதிநீர்ச் சோதனையில் பாஸாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு சென்சாரை நல்லது என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது புதியதைப் பற்றி. இன்கோனல் உறை, உள்ளே மக்னீசியம் ஆக்சைடு நிரப்பியது. நுனியின் சந்திப்பு உறையைத் தொடாத வகை. என் பழையது உறையோடு ஒட்டியது. அதில் எரிபொருள் பம்ப் ஓடும்போது அளவு ஐந்தாறு டிகிரி தடுமாறும். இதில் அது சுத்தமாக நின்றுவிட்டது. அதற்கு விலையாக, வேகம் கொஞ்சம் குறைவு. ஸ்டார்ட்டில் வெப்பம் உச்சிக்குப் போவதை ஒரு கணம் தாமதித்துக் காட்டுகிறது. ஹாட் ஸ்டார்ட் (ஸ்டார்ட்டில் வெப்பம் அளவுக்கு மீறி எகிறுவது) பழக்கமுள்ள எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை யோசித்து வாங்குங்கள். எனக்குத் தொந்தரவாக இல்லை.

குறைக்கு வருகிறேன். பழைய வயர் அமெரிக்க முறை: மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். புதியது ஐஇசி என்ற சர்வதேசத் தர முறை: பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். பேட்டரி பழக்கத்தில் சிவப்பு என்றாலே பிளஸ் என்று நினைத்து, அந்த இடத்தில் பச்சையை மாட்டினால் தலைகீழாகிவிடும். எஞ்சின் சூடாக ஆக எண் இறங்கும். எரியவில்லை என்று இசியு ஸ்டார்ட்டை நிறுத்தும், இல்லையென்றால் எரிபொருள் உள்ளே தேங்கும், அடுத்த முயற்சியில் வாலில் நெருப்பு. இரண்டு வரி அச்சடித்த தாள் ஒன்று போதும், இந்தக் குழப்பம் வராது. நிறத்தை நம்பாதவர்களுக்கு எளிய வழி, சின்னக் காந்தம்: கே-டைப்பின் இரண்டு கம்பிகளில் காந்தத்தில் ஒட்டுகிறது அலுமெல் என்ற நிக்கல் கலப்பு உலோகம், அது மைனஸ். மாட்டிய பிறகு நுனியை விரலால் பிடியுங்கள், எண் ஏற வேண்டும்.

வயர் ஒரு மீட்டர் இருந்தது. வேண்டிய அளவுக்கு வெட்டி கே-டைப் மினி பிளக்கில் திருகினேன் (அகலமான பின் மைனஸ்). வெட்டலாம், ஆனால் சாதா செம்பு வயரால் நீட்டக் கூடாது. சேர்த்த இடமும் இசியு இருக்கும் இடமும் வேறு வேறு வெப்பத்தில் இருந்தால் அந்த வித்தியாசம் அப்படியே அளவில் பிழையாக வந்து சேரும். பழையதை உருவும் முன் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு, புதியதையும் அதே அளவுக்கு விட்டேன். எக்ஸாஸ்டில் எல்லா இடத்திலும் ஒரே வெப்பம் இருக்காது. குப்பியை இந்த முறை எஞ்சின் உடலிலிருந்து தள்ளி, காற்றுப் படும் பக்கம் கட்டிவிட்டேன்.

முதல் ஸ்டார்ட்டுக்கு மகள் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானோடு நின்றாள் (பவுடர் வேண்டாம், எஞ்சின் பாழாகும்). ஐடிலில் 485. பத்து நிமிடம் ஓடவிட்டேன், 480-க்கும் 495-க்கும் நடுவிலேயே நின்றது. அணைத்து, சூட்டோடு உடனே மறுபடி கொடுத்தேன், எடுத்தது. 14 முறையும் அப்படியே.

ஐந்துக்கு நான்கு. கைவசம் இருக்கட்டும் என்று இன்னொன்றும் ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் காந்தம் வைத்துப் பார்த்து, பிளக் மாட்டி, குப்பியில் டிரையர் காட்டிச் சோதித்த பிறகுதான் பெட்டியில் வைப்பேன்.